மேசைமீது பறக்கும் விமானம்
தலையசைவுக் கருவியைத் தெரிந்தெடுப்பது எங்ஙனம்?

இன்று எத்தனையோ வீடுகளில் படிப்பறை மேசைமீது ஆகாய விமானம் பறந்துகொண்டிருக்கிறது. பரீட்சை முடிந்த மாணவன் கணினித் திரையின் முன் அமர்கிறான், இயந்திரம் முழங்குகிறது, ஓடுபாதை பின்னோக்கி விரைகிறது, சிறிது நேரத்தில் வயலும் வாவியும் கீழே விரிகின்றன. மைக்ரோசொப்ட் நிறுவனத்தாரின் 'பிளைட் சிமுலேட்டர்', 'எக்ஸ்-பிளேன்' முதலிய பாவனைப் பறப்பு மென்பொருள்கள் இவ்விந்தையை வீட்டுக்குள் கொணர்ந்துவிட்டன. முதலில் ஒரு ஜோய்ஸ்டிக் வேண்டும் என்கிறான் பிள்ளை. அது கிடைத்ததும் கால்மிதி வேண்டும் என்கிறான். பின்னர் ஒருநாள், தலையசைவைக் கணினிக்கு உணர்த்தும் கருவி ஒன்று உண்டென்றும், அதுவும் வேண்டுமென்றும் தொடங்குகிறான்.

"தலையைத் திருப்புவதற்கும் ஒரு கருவியா?" என்று பெற்றோர் வியப்பது இயல்பே. ஆயினும் இக்கேள்விக்குத் தக்க விடை உண்டு. அவ்விடையை அறிந்தபின் வாங்குவதா விடுவதா, வாங்கினால் எதை வாங்குவது என்று முடிவு செய்தல் எளிது. அறியாமல் வாங்கினால் பணமும் வீண். பிள்ளை கற்றுக்கொள்ளும் பழக்கமும் பிழையாகும்.

ஐம்பது பாகைச் சாளரம்

மனிதனுடைய இரு கண்களும் தலையைத் திருப்பாமலே பக்கவாட்டில் ஏறக்குறைய 200 பாகை அளவு உலகைக் காண வல்லவை. மேசைமீதுள்ள 27 அங்குலத் திரையின் அகலமோ 60 சென்ரிமீற்றர் அளவினது. 65 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து நோக்குபவருக்கு அத்திரை ஏறத்தாழ 50 பாகையே ஆகும். மூக்கிற்கு நேரே கோடு கிழித்தால் இடப்புறம் 25 பாகை, வலப்புறம் 25 பாகை, அவ்வளவே. பாவனை விமானி உலகம் முழுவதையும் இச்சிறு சாளரத்தினூடாகவே காண்கிறான்.

இதனால் நேரும் இடர் யாது? ஒரு மாணவன் தன் கணினியில் பலாலி ஓடுபாதையினின்றும் எழும்பி, வட்டமிட்டு, மீண்டும் அங்கேயே இறங்க நினைக்கிறான் என்க. எழும்பிய விமானம் இடப்புறமாக இருமுறை திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் செல்லும். அப்போது ஓடுபாதை விமானியின் இடத்தோளுக்கு நேரே, அதாவது 90 பாகையில் கிடக்கும். விமானம் மேலும் சென்று, ஓடுபாதையின் தொடக்க முனை தோளுக்குப் பின்னே 45 பாகை விலகியதும், மீண்டும் இடப்பக்கம் திரும்பவேண்டும் என்பது பயிற்சி விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் பொது விதி. மூக்கிலிருந்து கணக்கிட்டால் அம்முனை 135 பாகையில் உள்ளது. திரை காட்டுவதோ 25 பாகை! பார்க்கவேண்டிய பொருள் ஓரிடத்தில் இருக்க, திரை வேறோரிடத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

மாணவன் என்ன செய்வான்? திரைப்படத்தையும் திசைமானியையும் நோக்கி ஊகத்தால் திரும்புவான். பிந்தித் திரும்பினால் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிடுவான். தவறைத் திருத்த விமானத்தை மேலும் சரித்து இறுக்கித் திருப்புவான். மெய்யான விமானத்தில் இச்செயல் உயிருக்கே உலை வைப்பது. வேகம் குறைந்த நிலையில் இவ்வாறு இறுக்கினால் சிறகுகள் தாங்கும் வலுவை இழக்கும். தரையோ மிக அருகில் இருக்கும். மீள்வதற்கு உயரம் போதாது. சிறு விமானங்களின் விபத்துக்களில் இஃது ஒரு பழைய கொலைகாரன் என்று பயிற்சியாளர்கள் எச்சரிப்பர்.

வெளியே நோக்குதல் எத்துணை அவசியம் என்பதற்கு வேறொரு சான்றும் காட்டலாம். 1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி காலை, வானம் தெளிந்திருந்த வேளையில், ஐக்கிய அமெரிக்காவின் சன் டியாகோ நகருக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்த போயிங் 727 விமானம், தனக்கு முன்னே கீழாகச் சென்ற செஸ்னா 172 என்னும் சிறு விமானத்துடன் மோதியது. சிறு விமானம் அங்கே இருப்பதாகப் பெரிய விமானத்தின் விமானிகளுக்கு முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. அவர்கள் அதைக் கண்டுமிருந்தனர். பின்னர் பார்வையினின்றும் தவறவிட்டனர். விமானங்களில் இருந்தோரும் தரையில் இருந்தோருமாக 144 பேர் மாண்டனர். அனுபவமிக்கவர்களுக்கே இந்நிலையென்றால், பார்க்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே பயிலாதவன் பாடு என்னாகும்?

உள்ளே பார்க்கும் பழக்கம்

பாவனைப் பறப்பின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு ஒரு பாடம் புகட்டுகிறது. எட்வின் லிங்க் என்பவர் நியூயோர்க் மாநிலத்துப் பிங்ஹாம்டன் நகரில், தம் தந்தையாரின் ஓர்கன், பியானோத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஓர்கன் வாத்தியத்துக்குரிய துருத்திகளையும் காற்றுக் குழாய்களையும் கொண்டே 1929ஆம் ஆண்டில் விமானப் பயிற்சிப் பெட்டி ஒன்றை அவர் ஆக்கினார். முதலில் அதைப் பெரிதும் நாடியவை கேளிக்கைப் பூங்காக்களே. 1934ஆம் ஆண்டில் தபால் கொண்டுசென்ற அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான காலநிலையில் சிக்கி மடிந்த பின்னரே, இராணுவம் அப்பெட்டிகளில் ஆறினை வாங்கியது. அப்பெட்டியில் மாணவன் மூடிக்குள் அடைபட்டிருப்பான். வெளியுலகம் எதுவும் தெரியாது. முகிலுக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பித்தலே அதன் நோக்கம். அந்நோக்கத்துக்கு அஃது ஏற்றது.

இன்றைய வீட்டுப் பாவனை விமானமோ வானத்தையும் நிலத்தையும் அழகுறக் காட்டுகிறது. ஆயினும் திரை ஒடுங்கியிருப்பதால் மாணவன் அறியாமலே கருவிப் பலகையை வெறித்து நோக்கும் பழக்கத்துக்கு ஆளாகிறான். கணினியில் நெடுநாள் பழகிய பின் மெய்யான பயிற்சிக்கு வருவோர் வெளியே பாராது உள்ளேயே பார்க்கின்றனர் என்பது பறப்புப் பயிற்சியாளர்கள் அடிக்கடி கூறும் முறைப்பாடு. தலையசைவுக் கருவியின் பயன் இவ்விடத்திலேயே உள்ளது. அது பிள்ளையின் கண்களைப் பலகையினின்றும் உயர்த்தி வெளியே அனுப்புகிறது. இப்பயனைத் தருகிறதா என்பதையே உரைகல்லாகக் கொண்டு ஒவ்வொரு கருவியையும் மதிப்பிடுதல் வேண்டும்.

கருவி செய்யும் வேலை

நம் தலை ஆறு வகையாக அசையக்கூடியது. இடவலமாகத் திரும்பும், மேல்கீழாக நிமிர்ந்து குனியும், தோளை நோக்கிச் சாயும். இவை மூன்றும் திரும்பும் அசைவுகள். இவையன்றி இடவலமாகவும், மேல்கீழாகவும், முன்பின்னாகவும் தலை இடம்பெயரும். நல்ல கருவி இவ்வாறினையும் உணரும். முன்னே குனிந்தால் கருவிப் பலகை அருகில் தெரியும். பக்கத்தே சாய்ந்தால் சாளரச் சட்டத்துக்கு அப்பால் மறைந்திருப்பது தோன்றும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தலையை மெய்யாகவே 135 பாகை திருப்பினால் திரையைக் காண இயலுமா? இயலாது. ஆதலின் மென்பொருள் அசைவைப் பெருக்கிக் காட்டுகிறது. தலை 30 பாகை திரும்பினால் காட்சி 135 பாகை திரும்புமாறு அமைக்கலாம். கண்கள் மட்டும் ஓரக்கண்ணாகத் திரையிலேயே தங்கியிருக்கும். முதல் நாள் இது விசித்திரமாகத் தோன்றும். சில நாட்களில் கை எழுத்தைப் பழகுவதுபோலப் பழகிவிடும்.

ஐவகை வழிகள்

முதலாவது, செலவில்லாத வழி. பெரும்பாலான ஜோய்ஸ்டிக்குகளின் தலைப்பில் பெருவிரலால் நான்கு பக்கமும் தள்ளக்கூடிய சிறு குமிழ் ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் காட்சி இடமோ வலமோ திரும்பும். விரைவும் நயமும் குறைவெனினும், பிள்ளைக்கு வெளியே நோக்கும் ஆர்வம் உண்டா என்பதை அறிய இதுவே முதற் சோதனை. இக்குமிழைத் தொட்டே பாராதவனுக்கு விலையுயர்ந்த கருவி வாங்கிக் கொடுத்துப் பயனில்லை.

இரண்டாவது, வீட்டிலுள்ள கமரா. 'ஓபன்ட்ராக்' என்னும் மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. சாதாரண வெப் கமரா முகத்தை நோக்கியிருந்தால், அம்மென்பொருள் முகத்தின் அமைப்பைக்கொண்டு தலையின் நிலையைக் கணிக்கும். கைத்தொலைபேசியின் முன்கமராவைக் கொண்டு இதே பணியைச் செய்து, வைஃபை மூலம் கணினிக்கு அனுப்பும் செயலிகளும் உள்ளன. தலையில் எதையும் அணியவேண்டியதில்லை. முகத்தில் போதிய வெளிச்சம் இருத்தல் அவசியம். பெரும்பாலான வெப் கமராக்கள் ஒரு விநாடிக்கு 30 படங்களே எடுப்பதால், தலை திரும்புவதற்கும் காட்சி திரும்புவதற்கும் இடையே சிறு தாமதம் தோன்றலாம்.

மூன்றாவது, செங்கீழ்க் கதிர்க் கருவி. தொப்பியிலோ ஹெட்போனிலோ மூன்று ஒளிப்புள்ளிகள் கொண்ட கிளிப் ஒன்றைப் பொருத்துவர். திரைமீதுள்ள கமரா கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிரால் அப்புள்ளிகளை மட்டும் கண்டறியும். ஒரு புள்ளியைக்கொண்டு இடவலமும் மேல்கீழும் மாத்திரமே அறியலாம். மூன்று புள்ளிகளின் வடிவம் மாறும் விதத்தைக்கொண்டு ஆறு அசைவுகளையும் கணிக்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து நச்சுரல் பொயிண்ட் நிறுவனத்தாரின் 'ட்ராக்-ஐ.ஆர்.' இவ்வகையில் புகழ்பெற்றது. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் ஐந்தாம் பதிப்பு விநாடிக்கு 120 படங்கள் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டு மில்லி விநாடி அளவே. முப்பது படங்கள் எடுக்கும் கமராவுக்கோ 33 மில்லி விநாடி. திரும்பும் காட்சியின் மென்மையை இவ்வேறுபாட்டில் உணரலாம். விலை நூறு டொலரைத் தாண்டும். தபாற் செலவும் சுங்கத் தீர்வையும் அதன்மேல்.

நான்காவது, கண்ணையும் தலையையும் ஒருங்கே உணரும் கருவி. சுவீடன் நாட்டு டோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. சிறு கோல் போன்ற அதனைத் திரையின் அடிப்பாகத்தில் ஒட்டிவிட்டால் போதும். தலையில் எதையும் அணிய வேண்டாம். சாதாரண அகலமுள்ள திரையாயின் 27 அங்குலம் வரை அது பொருந்தும். மூக்குக் கண்ணாடி அணிவோர், கண்ணாடியின் பளபளப்பு இடையூறு செய்யுமா என்பதைத் திருப்பிக் கொடுக்கும் வசதியுள்ள இடத்தில் சோதித்து வாங்குதல் நலம். விலை முன்னதிலும் அதிகம்.

ஐந்தாவது, முகத்தை மூடி அணியும் மாயத்தோற்றக் கண்ணாடி. இதில் பெருக்கல் எதுவும் இல்லை. தலை 90 பாகை திரும்பினால் உலகமும் 90 பாகை திரும்பும். ஓடுபாதையின் தூரமும் உயரமும் மெய்போலவே தோன்றும். வெளியே நோக்கும் பழக்கத்துக்கு இதனை மிஞ்சியது வேறில்லை. ஆனால் ஆற்றல்மிக்க கணினி வேண்டும், முகம் வியர்க்கும், விசைப்பலகையும் கைக்குறிப்பும் தெரியா, சிலருக்குத் தலைச்சுற்றும் குமட்டலும் உண்டாகும். சிறுவர்க்கென உற்பத்தியாளர் குறித்துள்ள வயதெல்லையைப் பெற்றோர் மீறலாகாது.

கைவண்ணம் உள்ள மாணவருக்கு

மூன்றாவது வகையை வீட்டிலேயே ஆக்கிக்கொண்டவர் பலர். பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுப் பெட்டிக்கென 2007ஆம் ஆண்டில் வெளிவந்த கமரா விநாடிக்கு 60 படங்கள் எடுப்பதால் அவர்கள் அதனை விரும்பினர். கமராவின் வில்லைக்குப் பின்னுள்ள, செங்கீழ்க் கதிரைத் தடுக்கும் சிறு கண்ணாடித் தகட்டை அகற்றி, அதற்குப் பதிலாக ஒளிபட்டுக் கழுவிய கரிய படச்சுருள் துண்டை வைத்தால், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் பெரும்பாலும் தடைப்பட்டுச் செங்கீழ்க் கதிர் மட்டும் உள்ளே புகும்.

மூன்று செங்கீழ்க் கதிர் எல்.ஈ.டி. மின்குமிழ்களைத் தொடராக இணைத்து, யூ.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ற்றைக் கொடுக்கலாம். ஒவ்வொரு குமிழும் 1.3 வோல்ற்று கொள்ளும் எனில் மூன்றுக்கும் 3.9 போக எஞ்சுவது 1.1 வோல்ற்று. மின்னோட்டம் 20 மில்லி அம்பியர் ஆக இருக்க 55 ஓம் தடையி வேண்டும். கடையில் கிடைப்பது 56 ஓம். குமிழ்க்குக் குமிழ் அளவு வேறுபடுமாதலால் வாங்கும்போதே கேட்டறிந்து கணக்கிடுக. ஓமின் விதியைப் பாடப்புத்தகத்தில் படித்த மாணவன் அதன் பயனைத் தன் தொப்பியில் காண்பான்! கதிர் கண்ணுக்குத் தெரியாதாகையால் குமிழ் எரிகிறதா என்று அருகே கண்ணை வைத்துப் பார்க்கவேண்டாம். கைத்தொலைபேசியின் கமராவுக்குக் காட்டினால் பெரும்பாலும் ஊதா கலந்த வெண்புள்ளியாகத் தெரியும்.

வீட்டின் நிலை அறிந்து வாங்குக

சூரிய ஒளியில் செங்கீழ்க் கதிர் நிறைந்துள்ளது. மேசைக்குப் பின்னால், அமர்ந்திருப்பவனுடைய முதுகுப்புறத்தில், வெயில் விழும் சாளரம் இருந்தால், கமரா அவ்வெளிச்சத்தையும் ஒரு புள்ளியென்று எண்ணித் தடுமாறும். காட்சி துள்ளும், பிள்ளை கருவியைக் குறைகூறுவான். நம்மூர் வீடுகளில் இது சாதாரணமாக நேரக்கூடியது. திரைச்சீலை ஒன்று தொங்கவிட்டாலோ, மேசையைச் சுவர்ப்பக்கம் திருப்பினாலோ தீரும். பளபளக்கும் காதணியும் படச்சட்டமும் கூட இவ்வாறு ஏமாற்றுவதுண்டு. கைத்தொலைபேசியைப் பயன்படுத்துவோர் அது சூடேறுவதையும் கவனித்தல் வேண்டும். எக்ஸ்பொக்ஸ் முதலிய விளையாட்டுப் பெட்டியில் பறப்பவர்கள், கணினிக்கென ஆக்கப்பட்ட கருவி அதில் இயங்குமா என்று வாங்குமுன் விசாரித்தல் அவசியம்.

கருவி நன்றாயினும் செப்பம் செய்யாவிடின் துன்பமே தரும். மூன்று விடயங்களைக் கவனிக்க. ஒன்று, நேரே நோக்கும் நிலையில் சில பாகை அளவுக்குத் தலை அசைந்தாலும் காட்சி அசையாதவாறு நடுவில் ஓர் ஓய்விடம் அமைத்தல்; இஃது இல்லையேல் மூச்சு விடுந்தோறும் கருவிப் பலகை ஆடும். இரண்டு, தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் விரைவாகவும் பெருகும்படி பெருக்கல் அளவை வளைத்தல். மூன்று, நடுக்கத்தை நீக்கும் மென்மையாக்கலை அளவோடு வைத்தல்; அதிகமானால் காட்சி பிந்தும், பிந்தினால் குமட்டும். கண் அசைவைக் காண, காதினுள் உள்ள சமநிலை உறுப்பு அசைவை உணராதிருப்பதே அக்குமட்டலுக்குக் காரணம். அவ்வாறு தோன்றிய உடனே எழுந்துவிடுதல் வேண்டும். முதல் வாரத்தில் ஒரு வேளைக்கு இருபது நிமிடம் போதும்.

எதை வாங்குவது?

செலவிடுமுன் இவ்வொழுங்கைக் கைக்கொள்ளலாம். முதலில் சில வாரங்கள் பெருவிரற் குமிழைக்கொண்டு மேற்சொன்ன வட்டப் பறப்பைப் பயிலட்டும். பின்னர் ஓபன்ட்ராக் மென்பொருளையும் வீட்டிலுள்ள கமராவையும் கொண்டு முயலட்டும். மூன்று செயல்களை அவன் செய்து காட்டவேண்டும்: ஓடுபாதையின் முனையைத் தோளுக்குப் பின்னே கண்டு சரியான வேளையில் திரும்புதல், காட்சி துள்ளாமல் உயரமானியை வாசித்தல், இடமும் வலமும் நோக்கி வேறு விமானம் இல்லையென்று கண்ட பின்னரே ஒவ்வொரு முறையும் திரும்புதல். இவை மூன்றும் கைவந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு அதற்குமேல் வேண்டியதில்லை. தாமதமோ தடுமாற்றமோ பயிற்சியைக் கெடுக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தால் செங்கீழ்க் கதிர்க் கருவியை வாங்கலாம். தலையில் எதையும் அணிய விரும்பாதவர்க்குக் கண்ணுணர் கோல் ஏற்றது. ஆற்றல்மிக்க கணினி ஏற்கெனவே உள்ள வீட்டில், வளர்ந்த மாணவனுக்கு மாயத்தோற்றக் கண்ணாடி பொருந்தும்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். விமானியாக வேண்டும் என்று கனவு காணும் மாணவன், வீட்டு மேசையில் பறந்த மணித்தியாலங்கள் அனுமதிப் பத்திரத்துக்குச் சேரும் என்று எண்ணலாகாது. அதிகாரிகள் அங்கீகரித்த பயிற்சிக் கருவிக்கே அத்தகைய மதிப்பு உண்டு. அன்றியும், தலையை 30 பாகை திருப்பி ஓரக்கண்ணால் நோக்கும் பழக்கம் மேசையளவில் சரி. மெய்யான விமானத்தில் கழுத்தையும் தோளையும் முழுமையாகத் திருப்பவேண்டும். என்றேனும் ஒருநாள் இரத்மலானையிலோ வேறெங்கோ மெய்யான பயிற்சி விமானத்தில் அவன் அமரும்போது, ஆசிரியர் முதலில் கவனிப்பது அவனிடம் இருந்த கருவி எவ்வளவு விலை பெற்றது என்பதையன்று. திரும்புமுன் அவன் தலை திரும்பிற்றா என்பதையே. அப்பழக்கத்தை ஊட்டும் கருவி வீட்டுக் கமராவே ஆயினும் அது நற்கருவி. ஊட்டாதது எத்தனை டொலர் பெறினும் வெறும் விளையாட்டுப் பொருளே.